குழந்தையைக் காட்ட மறுக்கும்போது: நீதிமன்ற உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், மற்றவர் எப்போது சந்திக்க வேண்டும் என்று குடும்ப நல நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டுவிட்டால் இனி எல்லாம் அதன்படி நடந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். முதல் இரண்டு சனிக்கிழமைகள் நடக்கவும் செய்யும். மூன்றாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வரும். நான்காவது வாரம் பாட்டி வீட்டில் விசேஷம் என்பார்கள். ஐந்தாவது வாரம் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்த வழிகாட்டி அந்த ஐந்தாவது வாரத்தில் நிற்பவருக்காக எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களில் நடைபெறும் வழக்குகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சந்திக்க விடாமல் தடுக்கப்படும் தந்தைக்கும் தாய்க்கும் இது பொருந்தும். விடுமுறைக்கு அழைத்துச் சென்ற குழந்தையைத் திரும்ப ஒப்படைக்காமல் வைத்துக்கொண்ட துணையை எதிர்கொள்பவருக்கும் பொருந்தும். வழக்கறிஞருக்கு மாற்றாக இதைக் கருத வேண்டாம். வழக்கறிஞரின் அறைக்குள் நுழையும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: உத்தரவை எடுத்து வரி வரியாகப் படியுங்கள்

உத்தரவின் சான்றிட்ட நகல் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கறிஞர் கைப்பேசியில் அனுப்பிய படமோ, இணையத்தில் இறக்கிய பிரதியோ படிப்பதற்குப் போதும். மனு போடும்போது சான்றிட்ட நகலைத்தான் கேட்பார்கள். நகல் மனு போட்டு அதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் பதினாறு எழுத்தெண்கள் கொண்ட சி.என்.ஆர். எண் தெரிந்திருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எது, கடைசியாக என்ன பதிவானது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக, உங்கள் கையில் இருப்பது உண்மையில் நீதிமன்ற உத்தரவுதானா என்று பாருங்கள். இதைக் கேட்டால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய ஒப்பந்தம், முத்திரைத் தாளில் போட்ட உடன்படிக்கை ஆகியவை ஒருவருடைய சம்மதத்துக்குச் சாட்சியாகலாமே தவிர, அவற்றை மீறியதற்காக யாரையும் நீதிமன்றத்தின் வழியாகக் கட்டாயப்படுத்த முடியாது. உங்களிடம் இருப்பது அத்தகைய காகிதம் மட்டுமே என்றால், அதை இணைத்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்து, அதை ஓர் உத்தரவாக மாற்றிக்கொள்வதே முதல் வேலை. சமரச மையத்தில் எட்டப்பட்ட உடன்பாடும் நீதிமன்றத்தில் தாக்கலாகி உத்தரவின் பகுதியான பிறகுதான் பலம் பெறுகிறது.

உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விவாகரத்து வழக்கின் நடுவில் இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 26இன் கீழ் வந்ததா, வழக்கறிஞர்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்லும் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழான மனுவில் வந்ததா, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிரிவு 21இன் கீழ் மாஜிஸ்திரேட் போட்டதா என்பதைப் பொறுத்தே நீங்கள் தட்ட வேண்டிய கதவு மாறும். அது இடைக்கால உத்தரவா, இறுதித் தீர்ப்பா என்பதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உத்தரவின் வாசகம். “மனுதாரர் மாதம் இருமுறை குழந்தையைச் சந்திக்கலாம்” என்று மட்டும் எழுதப்பட்ட உத்தரவை மீறுவது மிக எளிது. ஏனென்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் அழைத்து வருவது, யார் உடனிருப்பது என்று எதையும் அது சொல்லவில்லை. அந்த உத்தரவின் கீழ் பத்து முறை ஏமாற்றப்பட்டாலும், “நான் எப்போது மறுத்தேன், அவர் கேட்ட நாளில் எனக்கு வசதிப்படவில்லை என்றுதானே சொன்னேன்” என்ற ஒரே பதிலில் எதிர்த்தரப்பு தப்பித்துவிடும். உங்கள் உத்தரவு இப்படிப்பட்டது என்றால், அதை நிறைவேற்றக் கோருவதற்கு முன்பாகவோ அதனுடன் சேர்த்தோ, அதைத் தெளிவுபடுத்தக் கோரும் மனுவைப் போடுங்கள். கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒப்படைக்கும் இடம், குழந்தை நோய்வாய்ப்பட்டால் ஈடு செய்யும் நாள், பள்ளி விடுமுறையைப் பிரித்துக்கொள்ளும் விதம், பிறந்தநாள், தீபாவளி, பொங்கல் போன்ற நாள்கள், வாரத்தில் எத்தனை முறை காணொளி அழைப்பு என்பனவெல்லாம் அதில் வர வேண்டும். என் அனுபவத்தில், உத்தரவை மீறுகிறார்கள் என்று வரும் வழக்குகளில் கணிசமானவை இப்படித் தெளிவில்லாமல் எழுதப்பட்ட உத்தரவுகளில்தான் தொடங்குகின்றன.

இரண்டாம் படி: மீறலா, காரணமா என்று பிரித்துப் பாருங்கள்

குழந்தைக்கு உண்மையிலேயே காய்ச்சல் வரும். அரையாண்டுத் தேர்வும் வரும். குழந்தையை வைத்திருப்பவரின் பணிநேரம் மாறும். ஒரு முறை தவறியதற்கு நோட்டீஸ் அனுப்புபவரை எந்த நீதிபதியும் ரசிப்பதில்லை. தவறிய நாளுக்குப் பதிலாக வேறொரு நாளைத் தானாக முன்வந்து தருகிறாரா என்பதே உரைகல். காரணம் உண்மையானால் மாற்று நாள் வரும். தட்டிக்கழிப்பு என்றால் காரணம் மட்டும்தான் வரும்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குழந்தையை அனுப்பினால் அடி, குடிபோதை, தவறான தொடுதல் போன்ற ஆபத்து இருக்கிறது என்று அஞ்சி ஒருவர் மறுக்கலாம். அந்த அச்சம் உங்களுடையது என்றால், அனுப்பாமல் மௌனமாக இருந்துவிடாதீர்கள். உத்தரவை மாற்றவோ நிறுத்திவைக்கவோ கோரி உடனே மனு போடுங்கள்; அவசரமானால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 112ஐயோ அழையுங்கள். சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்று கருதினால் சந்திப்பை மறுக்கும் அதிகாரம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 21இலேயே இருக்கிறது. காரணத்தை நீதிமன்றத்தில் சொன்னவருக்கும், சொல்லாமல் உத்தரவை மீறியவருக்கும் இடையிலான வேறுபாடு பிற்பாடு மிகப் பெரிதாகத் தெரியும்.

மூன்றாம் படி: பதிவு வைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் சற்று நேரம் நிற்கப் போகிறேன். வழக்கு தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 32 ஒரு நிபந்தனையைச் சொல்கிறது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டவருக்கு அதற்குக் கீழ்ப்படிய வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். இருந்தும் அவர் வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் காட்டினால்தான் அவருடைய சொத்தை ஜப்தி செய்யவோ அவரைச் சிவில் சிறையில் வைக்கவோ நீதிமன்றத்தால் முடியும். ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது உங்கள் மனவேதனையை அன்று. அந்த நாளில், அந்த மணிக்கு, அந்த இடத்தில் நீங்கள் தயாராக நின்றீர்கள் என்பதையும், மற்றவர் தெரிந்தே வரவில்லை என்பதையும்தான்.

இதனால், “வர வேண்டாம், குழந்தை ஊரில் இல்லை” என்று முன்கூட்டியே செய்தி வந்தாலும் குறித்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். வீணாகப் போன பயணம் என்று தோன்றும். போகாவிட்டால், “அவரே வரவில்லை” என்ற ஒரு வரி பிரமாண வாக்குமூலத்தில் ஏறிவிடும்.

என்னிடம் வந்த ஒரு தந்தை, கைப்பேசிச் செய்திகளை அச்செடுத்து நானூறு பக்கங்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் பழைய சண்டை. யார் யாருடைய அம்மாவை என்ன சொன்னார் என்பது வரை அதில் இருந்தது. அதே மாதத்தில் வந்த ஒரு தாய், குழந்தை பயன்படுத்தி மீதம் வைத்த நாற்பது பக்க ரஃப் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு சந்திப்பு நாள் என்று நீல மையில் குறித்திருந்தார். ஒரு பக்கம் இப்படி இருந்தது:

“சனி. காலை 9.50க்கு நூலக வாசலை அடைந்தேன். 10.00, 10.20, 10.45க்கு அழைத்தேன், எடுக்கவில்லை. 10.50க்கு வாட்ஸ்அப் செய்தி. பார்த்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் இல்லை. 12.00 வரை இருந்தேன். பேருந்துச் சீட்டு ஒட்டியுள்ளேன். உடன் வந்தவர்: என் அண்ணன்.”

எந்தப் பக்கத்திலும் ஒரு வசைச்சொல் இல்லை. பதினோரு பக்கங்களில் பதினோரு சனிக்கிழமைகள். அதிலிருந்து ஓர் அட்டவணை தயாரித்து மனுவுடன் இணைக்க அரை மணி நேரம்தான் ஆயிற்று. நானூறு பக்கக் கட்டிலிருந்து பயனுள்ள பன்னிரண்டு செய்திகளைப் பொறுக்கி எடுக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

மின்னணுச் சான்றுகளைப் பொறுத்தவரை சில எச்சரிக்கைகள் உண்டு. செய்திகளை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63இன்படி, அவை எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டன என்று கூறும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் இப்போது இதுதான் இருக்கிறது. அந்தச் செய்திகள் இருக்கும் கைப்பேசியை விற்றுவிடவோ அழித்துச் சீரமைக்கவோ வேண்டாம். உரையாடல்களைத் தானாக அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். கணவன் மனைவிக்கு இடையே ஒருவர் அறியாமல் மற்றவர் செய்த ஒலிப்பதிவையும் மண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காகக் குழந்தையை எதிரில் உட்கார வைத்து, “அம்மா உன்னிடம் என்ன சொன்னாள், சொல்” என்று கேட்டுப் பதிவு செய்யாதீர்கள். அத்தகைய பதிவைக் கேட்கும் நீதிபதியின் கவனம் கேள்வி கேட்டவர் மீதுதான் முதலில் திரும்பும்.

நான்காம் படி: எழுத்தில் கேளுங்கள், சுருக்கமாகக் கேளுங்கள்

தொலைபேசியில் பேசினால் பழைய கணக்கெல்லாம் எழும். எழுத்தில் கேட்டால் கேள்வியும் பதிலும் மட்டும் மிஞ்சும். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி, தவறினால் அன்று மாலை ஒரு செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் நீதிபதி படிப்பார் என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள்.

“எத்தனை நாளைக்குத்தான் என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்து வைப்பாய், உன்னைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்ற செய்தி நியாயமான கோபத்திலிருந்து பிறந்ததாக இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் அது மிரட்டலாகப் படிக்கப்படும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“உத்தரவின்படி இன்று காலை 10 மணிக்கு நூலக வாசலில் காத்திருந்தேன். 12 மணி வரை குழந்தை அழைத்து வரப்படவில்லை. இதற்கு ஈடாக வரும் ஞாயிறு அல்லது அடுத்த சனி, இரண்டில் உங்களுக்கு வசதியான நாளைச் செவ்வாய்க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு உடல்நலம் சரியில்லை என்றால் மருத்துவச் சீட்டின் படத்தை அனுப்பவும். மருந்துச் செலவில் என் பங்கை அனுப்புகிறேன்.”

இந்த ஐந்து வரிகளில் நீங்கள் இருந்த இடம், நேரம், நீங்கள் முன்வைக்கும் மாற்று, கெடு, அக்கறை எல்லாம் பதிவாகிவிடுகின்றன. பதில் வராவிட்டாலும் அந்த மௌனமே உங்களுக்குச் சான்று.

ஐந்தாம் படி: வக்கீல் நோட்டீஸும் நடுவில் ஒருவரும்

மூன்று நான்கு முறை தொடர்ந்து தவறிய பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். வழக்கு எண், உத்தரவின் தேதி, மீறப்பட்ட நாள்களின் பட்டியல், கோரும் ஈட்டு நாள்கள், பத்து அல்லது பதினைந்து நாள் கெடு ஆகியவை இருந்தால் போதும். எதிர்த்தரப்பின் குணநலனைப் பற்றிய பத்திகளை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். ஒப்புகையுடன் அஞ்சலிலும் அவருடைய வழக்கறிஞருக்கும் அனுப்புங்கள்.

குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984இன் பிரிவு 9, தரப்பினரைச் சமரசத்துக்குக் கொண்டுவர முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே சொல்கிறது. அங்குள்ள ஆலோசகரிடம் ஒருமுறை போய் உட்காருவதால் நீங்கள் இழப்பது ஒன்றும் இல்லை. அதுவே உறவினர் வழியாகப் பேசுவது என்றால், உங்கள் பக்கத்து மாமாவையோ அவர்கள் பக்கத்துச் சித்தப்பாவையோ விட, இரு வீட்டாரும் மதிக்கும் ஆசிரியர், மருத்துவர் போன்ற ஒருவர் நல்லது. திருமணத்தை மறுபடி ஒட்டவைக்கும் பேச்சாக அது மாறிவிடாமல், சனிக்கிழமை காலை பத்து மணி என்ற ஒரே விஷயத்தில் நிற்க வேண்டும்.

ஆறாம் படி: நீதிமன்றத்தில் எந்த மனு?

மூல வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் அதே வழக்கில் இடைக்கால மனு போடுவதே எளிது. நீதிபதிக்கு வழக்கின் கட்டு ஏற்கெனவே தெரியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேயே இருப்பார். அடுத்த வாய்தாவுக்குக் குழந்தையை நீதிமன்றத்துக்கு அழைத்து வரச் சொல்லும் உத்தரவு பெரும்பாலும் இந்த மனுவில்தான் வரும். விசாரணைக்குள் சென்று தண்டிப்பதற்கு முன்பு பல நீதிபதிகள் செய்வது இதைத்தான்.

வழக்கு முடிந்து இறுதி உத்தரவு ஆகியிருந்தால் நிறைவேற்று மனு, அதாவது நீதிமன்ற வராந்தாவில் எல்லோரும் இ.பி. என்று சொல்லும் மனு, போட வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தின் உத்தரவு உரிமையியல் நீதிமன்றத்தின் உத்தரவுக்குச் சமமானது, அதைப் போலவே நிறைவேற்றப்படும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 18 சொல்கிறது. உத்தரவு போட்ட நீதிமன்றமே நிறைவேற்றலாம். எதிர்த்தரப்பு வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்திருந்தால் அங்குள்ள குடும்ப நல நீதிமன்றத்துக்கு அனுப்பியும் நிறைவேற்றலாம்.

பாதுகாவலர் சட்டத்தின் கீழான வழக்கு என்றால் அந்தச் சட்டத்திலேயே வழிகள் உண்டு. நீதிமன்றம் நியமித்த அல்லது அறிவித்த பாதுகாவலரின் நடத்தையை ஒழுங்குபடுத்தும் உத்தரவைப் பிரிவு 43இன் கீழ் கேட்கலாம். அதை மீறினால் தடையுத்தரவை மீறியதைப் போலவே கருதப்படும். நீதிமன்றம் சொல்லியும் குழந்தையை முன்னிலைப்படுத்தாதவருக்குப் பிரிவு 45இன்படி நூறு ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் மொத்தம் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். 1890இல் அது பெருந்தொகை. இன்று ஆட்டோ கட்டணம். ஆனால் அதே பிரிவில், குழந்தையை முன்னிலைப்படுத்த உறுதி தரும்வரை சிவில் சிறையில் வைக்கலாம் என்ற வரியும் இருக்கிறது. அந்த வரிக்கு இன்றும் பல் இருக்கிறது.

நீதிமன்ற அவமதிப்பு என்பது எல்லோரும் முதலில் கேட்கும் மனு. நான் கடைசியில் வைப்பது. கீழமை நீதிமன்றத்தின் உத்தரவை மீறியதற்கும் உயர் நீதிமன்றம்தான் அவமதிப்புக்காகத் தண்டிக்க முடியும். மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 20 வரம்பு வைக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது தண்டனை. நிறைவேற்று மனு போடும் வழி திறந்திருக்கும்போது, முதலில் அதைச் செய்யுங்கள் என்று உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பக்கூடும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

எந்த மனுவானாலும், அதில் கேட்கும் பரிகாரத்தில் நிதானம் வேண்டும். குழந்தையை வளர்க்கும் தாயையோ தந்தையையோ சிறைக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், அந்த இரவு குழந்தை யாரிடம் தூங்கும் என்ற கேள்வி நீதிபதிக்கு உடனே எழும். அதனால் அவர் தயங்குவார். மாறாக, தவறிய பதினோரு நாள்களுக்கு ஈடாகக் கோடை விடுமுறையில் தொடர்ச்சியாகச் சில நாள்கள், ஒப்படைக்கும் இடத்தை நீதிமன்ற வளாகத்துக்கோ பள்ளி வாசலுக்கோ மாற்றுதல், ஒவ்வொரு சந்திப்புக்கும் இருவரும் கையெழுத்திடும் பதிவேடு, உங்கள் பயணச் செலவு, மறுபடி மீறினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை வாசகம் ஆகியவற்றைக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். காவல் நிலையத்தை ஒப்படைக்கும் இடமாகக் கேட்காதீர்கள். அங்கே ஒருமுறை உட்கார்ந்த குழந்தை அடுத்த முறை வரவே அஞ்சும்.

குடும்ப நல நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முப்பது நாள்களே உண்டு. எதிர்த்தரப்பு மேல்முறையீடு போட்டுவிட்டது என்பதால் மட்டும் உத்தரவு நின்றுவிடாது. தடையாணை பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள்.

குழந்தையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால்

உங்கள் பொறுப்பில் இருக்கும் குழந்தையைச் சந்திப்புக்கு அழைத்துச் சென்றவர் திரும்பக் கொண்டுவராவிட்டால், அன்றே எழுத்தில் கேட்டுவிட்டு, உத்தரவின் நகலுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைப் பெறுங்கள். இது குடும்ப விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று காவலர் சொல்லக்கூடும். பெற்ற தந்தை மீதோ தாய் மீதோ கடத்தல் வழக்குப் பதிவதற்குச் சட்டத்திலேயே தடைகள் இருப்பதால், அந்தப் பதிலில் ஓரளவு உண்மையும் உண்டு. உங்களுக்குத் தேவை அந்த ரசீதில் இருக்கும் தேதி.

பிறகு பாதுகாவலர் சட்டம் பிரிவு 25இன் கீழ் குழந்தையை மீட்கும் மனுவும், பிரிவு 12இன் கீழ் இடைக்காலமாகக் குழந்தையை முன்னிலைப்படுத்தும் கோரிக்கையும் உண்டு. குழந்தை எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு, போடலாம். தென் மாவட்டத்தினருக்கு மதுரைக் கிளை. பெற்றோர் ஒருவரிடம் குழந்தை இருப்பது சட்டப்படியான அதிகாரமற்றது என்று காட்ட முடிந்தால் ஆட்கொணர்வு மனு ஏற்கத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் விளக்கியிருக்கிறது. உத்தரவு உங்கள் பக்கம் இருந்தால் அந்த மனுவின் வலு கூடும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுசென்றுவிடுவார் என்ற அச்சம் இருந்தால் தாமதிக்காதீர்கள். நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. எல்லை தாண்டிய பிறகு குழந்தையை மீட்பது நெடிய போராட்டம். குழந்தையின் கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும், அனுமதியின்றி வெளியே அழைத்துச் செல்லத் தடை விதிக்கவும் மனு போட்டு, அந்த உத்தரவின் நகலைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.

குழந்தையே வர மறுத்தால்

“நான் அனுப்பத் தயார், அவன்தான் வரமாட்டேன் என்கிறான்” என்பது மிக அடிக்கடி வரும் பதில். சில வேளை அது உண்மை. ஆறு மாதம் பார்க்காத தந்தையிடம் ஐந்து வயதுக் குழந்தை ஓடி வந்து ஒட்டிக்கொள்ளாது. அறிவோடு விருப்பம் சொல்லும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று பாதுகாவலர் சட்டம் பிரிவு 17 சொல்கிறது. அதற்காக நீதிபதிகள் குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதும் உண்டு. அந்த விருப்பம் குழந்தையினுடையதா, சொல்லிக் கொடுக்கப்பட்டதா என்பதை அனுபவமுள்ளவர்கள் கண்டுகொள்வார்கள். ஒரு பெற்றோரை வெறுக்கும்படி குழந்தையின் மனத்தை மற்றவர் மாற்றுவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு தீர்ப்பில் விரிவாகவே பேசியிருக்கிறது. 2020இல் வந்த மற்றொரு தீர்ப்பு, உடனில்லாத பெற்றோர் காணொளி அழைப்பில் நாள்தோறும் சில நிமிடங்களாவது குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது. ஆகவே குழந்தை மறுக்கும் நிலையில், முழு நாளைப் பிடிவாதமாகக் கேட்பதைவிட, ஆலோசகர் முன்னிலையில் அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று காணொளி அழைப்பு என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் அட்டவணையை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கடைசி வழி: உத்தரவையே மாற்றக் கோருவது

குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு கல்லில் செதுக்கியது அன்று. சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று, சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லிவிட்டது. நீதிமன்றம் பலமுறை எச்சரித்தும் ஒருவர் மற்றவரைக் குழந்தையின் வாழ்விலிருந்து அகற்ற முயல்கிறார் என்று நிறுவினால், குழந்தை வசிக்கும் வீட்டையே மாற்றக் கோரலாம். ஆனால் இதைத் தண்டனையாகக் கேட்டால் தோற்பீர்கள். குழந்தையின் நலனே அளவுகோல் என்பதால், பள்ளி, தூங்கும் இடம், மாலையில் பார்த்துக்கொள்பவர், மருத்துவர் என உங்கள் வீட்டில் குழந்தையின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட வேண்டும்.

செய்யக்கூடாதவை

ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள். “குழந்தையைக் காட்டினால் பணம்” என்ற பேரம் நீதிமன்றத்தில் எடுபடாது. பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை, சந்திப்பு வேறொரு கணக்கு. நிறுத்திய மறுமாதமே உங்கள் மீது நிலுவை மனு வரும், உத்தரவை மீறியவர் என்ற பெயர் உங்களுக்கும் சேரும். பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருப்பதும் அதே தவறுதான்.

பள்ளி வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சமூக வலைத்தளத்தில் குழந்தையின் படத்தோடு நியாயம் கேட்காதீர்கள். மறுமணம் செய்தவரின் புதிய துணையோடு நேரடியாகப் பேசி வழக்கை வளர்க்காதீர்கள்.

செலவுக்கு அஞ்சி உரிமையை விட்டுவிடவும் வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றியும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

முதல் ஈட்டு நாள் கிடைக்கும்போது

பல மாதங்களுக்குப் பிறகு குழந்தை எதிரில் வந்து நிற்கும் அந்த நாளுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பழகிய இடம், பழகிய சாப்பாடு, கைக்கு ஒரு வேலை இருந்தால் போதும். வண்ணப் பென்சிலும் வரைதாளும் இருந்தால் பேச்சு தானாக வரும். “இத்தனை நாள் ஏன் வரவில்லை” என்று கேட்காதீர்கள். வராதது அந்தக் குழந்தையின் முடிவு அன்று. வழக்கைப் பற்றி அது கேட்டால், “அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதோடு நிறுத்துங்கள். சாப்பிட்டதையும் கொடுத்த மருந்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்றால் ஐந்து ஐம்பதுக்கு அங்கே நில்லுங்கள். ஒப்படைத்த பிறகு ரஃப் நோட்டை எடுத்து, நடக்காத நாள்களைக் குறித்ததைப் போலவே நடந்த நாளையும் குறியுங்கள்: சனி, காலை 10.05க்கு வந்தார்கள், மாலை 5.50க்கு ஒப்படைத்தேன்.